சிங்கப்பூர் – நியூவர்க்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – 6 ஏப்ரல் 2024

நான் சிராங்கூனில் வசிக்கிறேன். வருகிற ஜூன் மாதம் என் தாயாரை (வயது 72) நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும், நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவர்க் விமான நிலையத்துக்கும் இடையே 15,344 கி.மீ. என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 17 மணி 3 நிமிடம்தான் வருகிறது. ஆனால் பயணச்சீட்டில் 18 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. தூரம் கணக்கிடும் ஒரு தளமோ 19 மணி 34 நிமிடம் என்கிறது. தாமதம் என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக விமான நிறுவனங்கள் ஒன்றரை மணி நேரத்தைக் கூடுதலாகப் போட்டு வைக்கின்றன என்பது என் எண்ணம். நான் நினைப்பது சரியா?

6 ஏப்ரல் 2024, இரவு

நான் சிங்கப்பூரில் 31 ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்தவள். என் மகள் நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறாள். இந்தப் பாதையில் இருமுறை போய் வந்திருக்கிறேன், ஒருமுறை ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று, ஒருமுறை நேராக. ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது.

உங்கள் எண்ணம் சரியன்று. 15,344 என்பது பூமிப் பந்தின் மேல் அளந்த தூரம். 900 என்பது காற்றைப் பொறுத்து விமானத்துக்கு உள்ள வேகம். ஒன்று தரையைச் சேர்ந்தது, மற்றொன்று காற்றைச் சேர்ந்தது. இரண்டையும் வகுத்து வரும் 17 மணி 3 நிமிடம் எந்தப் பயணத்தின் நேரமும் ஆகாது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

7 ஏப்ரல் 2024, காலை

முதலில் தூரம். அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்த எவரும் இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். இந்த இரு விமான நிலையங்களுக்கு அது இன்னும் எளிது, ஏனென்றால் அவை பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. சாங்கி கிழக்கே 103.99 பாகை, நியூவர்க் மேற்கே 74.17 பாகை, கூட்டினால் 178.16. இன்னும் இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கூடினால் 180, நேர் எதிர். அப்படியானால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும். சாங்கியிலிருந்து நேர் வடக்கே துருவம் வரை ஏறி, அங்கிருந்து நேர் தெற்கே நியூவர்க் வரை இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாங்கியின் அட்சரேகை 1.36, நியூவர்க்கின் அட்சரேகை 40.69. 180-இலிருந்து இரண்டையும் கழித்தால் 137.95 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் 15,339 கி.மீ. துருவத்தைத் தொடாமல் சற்று விலகிப் போவதால் ஏறக்குறைய 4 கி.மீ. மிச்சமாகிறது. ஆக 15,336 என்று வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் இதை ஒரு பூகோள உருண்டையும் தையல் நூலும் வைத்துக் காட்டுவேன். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறு முனையை நியூயார்க்கிலும் பிடித்து இழுத்தால், நூல் தானாக வழுக்கிச் சென்று உருண்டையின் உச்சியில் இருக்கும் திருகாணியின் பக்கத்தில் நிற்கும். சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தில் பசிபிக்கின் குறுக்கே கோடு போட்டுப் பழகிய பிள்ளைகள் அதை நம்பமாட்டார்கள், அவர்களே ஒருமுறை நூலைப் பிடித்துப் பார்க்கும் வரை.

7 ஏப்ரல் 2024, பிற்பகல்

காலையில் 15,336 என்று எழுதினேன். எல்லாரும் சொல்வது 15,344. எட்டு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிழை என்னுடையதுதான். பூமியைச் சரியான உருண்டையாக வைத்து, எல்லாப் பாகைக்கும் ஒரே நீளம் என்று கணக்கிட்டுவிட்டேன். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நிலநடுக்கோட்டில் ஒரு அட்சரேகைப் பாகையின் நீளம் ஏறக்குறைய 110.57 கி.மீ. என்றால், துருவத்தருகே அது 111.69 கி.மீ. நமது பாதை துருவத்தின் இரு பக்கத்தையும் முழுவதுமாகத் தழுவிப் போவதால் நீளமான பாகைகள் அதிகமாகச் சேர்கின்றன. அதைச் சேர்த்து மறுபடியும் கணக்கிட்டேன்: 15,344 சரியாக வந்தது. ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்குப் போட்டுப் பார்த்தால் நான்கைந்து கிலோமீட்டர் கூடுதலாக வருகிறது.

இந்தப் பாதை துருவத்துக்கு எவ்வளவு அருகில் போகிறது என்றும் பார்த்தேன். சுமார் 230 கி.மீ. திருச்சிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலுள்ள தொலைவை விடக் குறைவு.

9 ஏப்ரல் 2024

19 மணி 34 நிமிடம் என்ற எண் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இன்று காலை நடைப்பயிற்சியில் விடை கிடைத்தது. மணிக்கு 500 மைல், அதாவது 804.67 கி.மீ. என்று ஒரே வேகத்தை எல்லா விமானத்துக்கும் வைத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்திருக்கிறார்கள். 15,344-ஐ 804.67-ஆல் வகுத்தால் 19 மணி 4 நிமிடம், அரை மணி சேர்த்தால் 19 மணி 34 நிமிடம். நிமிடம் பிசகாமல் பொருந்துகிறது.

சென்னை – பெங்களூரு போன்ற குறுகிய பயணத்துக்கும் இதே சூத்திரத்தைத்தான் போடுகிறார்கள். நீண்ட தூர விமானம் பயணத்தின் பெரும்பகுதியை உயரத்தில், முழு வேகத்தில் கழிக்கிறது. இந்தப் பாதையில் போகும் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 56 பாகை குளிரில், ஒலியின் வேகமே மணிக்கு 1,062 கி.மீ. தான். அதில் 0.85 பங்கு 903. ஆகவே நீங்கள் எடுத்த 900 மிகச் சரியான வேகம், அந்தத் தளம் எடுத்த 805 தவறு. இருந்தும் உங்கள் விடை அந்தத் தளத்தின் விடையைப் போலவே பயணத்துக்குப் பொருந்தவில்லை. காரணம் அடுத்தது.

10 ஏப்ரல் 2024

அந்த 15,344 கி.மீ. பாதையில் நியூவர்க் போகும் விமானம் செல்வதில்லை. இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

2019 ஜனவரியில் நான் போனபோது விமானம் தென்சீனக் கடல் மேலே வடகிழக்காக ஏறி, தைவான், ஜப்பான் பக்கமாகச் சென்று, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா, கனடா வழியாக இறங்கியது. அப்படிச் செல்லும் தூரம் 16,500 கி.மீ. அளவுக்கு வரும். அதாவது ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதல். வேண்டுமென்றே சுற்றிப் போவதற்குக் காரணம் காற்று.

ஜப்பானுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அதைப் பாடநூல்களில் ஜெட் காற்றோட்டம் என்கிறோம். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200, 300 கி.மீ. வரை போகும். வசாபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர் 1920-களில் தடேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை விட்டு இந்தக் காற்றை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்ததால் அவருடைய கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே கிடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 16,500-ஐ 15,344-ஆல் வகுத்தால் 1.075. அதாவது சுற்றுப்பாதை ஏழரை விழுக்காடு நீளம். அதை ஈடுகட்ட, வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 68 கி.மீ. வால்காற்று, அதாவது பின்னாலிருந்து தள்ளும் காற்று, கிடைத்தால் போதும், நேர்ப்பாதையும் சுற்றுப்பாதையும் நேரத்தில் சமமாகிவிடும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய முதல் சில மணி நேரம் வெப்ப மண்டலத்தில் காற்று பெரிதாக உதவாது. ஆனால் ஜப்பானை நெருங்கிய பிறகு இருக்கையின் திரையில் தரைவேகம் 1,100-க்கு மேலே ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் இருந்துவிட்டேன்.

13 ஏப்ரல் 2024

திரும்பும் வழியைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். போகும்போது உதவிய காற்று வரும்போது எதிர்க்காற்றாகிவிடும் என்பதால், அதே வழியில் திரும்பினால் நேரம் வீணாகும். ஆகவே நியூவர்க்கிலிருந்து வரும் விமானம் அன்றன்றைய காற்றைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறது. சில நாள் துருவத்தை ஒட்டி, சில நாள் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக, சில நாள் பசிபிக் வழியாகவே. 2019 மார்ச்சில் நான் திரும்பியபோது துருவத்தின் மேலே வந்தோம்.

துருவப் பாதையில் வேறு கவலைகள் உண்டு. வெளிக்குளிரில் எரிபொருள் உறையத் தொடங்கலாம். சிங்கப்பூரில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே 47 பாகை. அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-வின் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை. ஏழு பாகை வித்தியாசம் என்றாலும், திரும்பும் பயணத்தில்தான் விமானி தொட்டியின் வெப்பநிலையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்த உச்சியில் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும், பெரும்பாலும் பழைய வானொலி அலைகளை நம்ப வேண்டியிருக்கும்.

14 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதில் ஒரு பிழையைத் திருத்துகிறேன். நான் துருவத்தின் மேலே வரவில்லை. புத்தாண்டுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது 2019-ஆம் ஆண்டு நாட்குறிப்பு கையில் அகப்பட்டது. அதில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: அட்லாண்டிக், ஜெர்மனி, கருங்கடல், பிறகு அரபிக்கடல், மும்பை, சென்னை, வங்காள விரிகுடா. துருவத்தின் மேலே பறந்தது என் மருமகன். அவர் வந்து சொன்ன கதையை என் கதையாக நினைவு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த மார்ச்சில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியிருந்தது. பிப்ரவரி கடைசியில் மூடியது, ஜூலை நடுவில்தான் முழுவதும் திறந்தது. அதனால்தான் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாக வந்திருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறேன்: "திரையில் நாகப்பட்டினம் என்று வந்தது. அம்மா இருந்தால் சொல்லியிருப்பேன்." நான் பிறந்த ஊரின் பக்கமாகப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போயிருக்கிறேன், அதை மறந்துவிட்டு, பார்க்காத துருவத்தை நினைவில் வைத்திருந்தேன்.

வான்வெளி மூடப்படுவது நேரத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஹெல்சிங்கி – டோக்கியோ பாதையைச் சொல்லலாம். இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரை ரஷ்யாவின் மேலே ஒன்பது, பத்து மணி நேரத்தில் பறந்துகொண்டிருந்த ஃபின்ஏர் விமானங்கள், ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு துருவத்தைச் சுற்றியோ தெற்கே சுற்றியோ 13 மணி நேரம் பறக்கின்றன. தூரப் பட்டியலில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

18 ஏப்ரல் 2024

"போகும்போது உதவும் காற்று, வரும்போது தடுக்கும் காற்று, இரண்டும் கழிந்து சரியாகிவிடாதா?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நாம் எல்லாரும் பள்ளியில் போட்ட ஆற்றுப் படகுக் கணக்குதான் இது. நீரோட்டத்தோடு ஒரு வேகம், நீரோட்டத்துக்கு எதிராக ஒரு வேகம்.

16,000 கி.மீ. தூரம் என்று வைப்போம். காற்றே இல்லாமல் 900 வேகத்தில் போய் வந்தால் 35 மணி 33 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. காற்று இருந்தால், போகும்போது 1,000 வேகத்தில் 16 மணி, வரும்போது 800 வேகத்தில் 20 மணி, மொத்தம் 36 மணி. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நஷ்டம். எதிர்க்காற்றில் நீங்கள் அதிக நேரம் தங்கியிருக்கிறீர்கள் என்பதே காரணம். காற்று ஒருபோதும் சமமாகக் கழியாது. அதனால்தான் திரும்பும் விமானம் அதே வழியில் முட்டி மோதாமல், வேறு வழி தேடுகிறது.

2018 அக்டோபரில் இந்த நேர் விமானச் சேவை தொடங்கியபோது அறிவித்த அட்டவணையில் போக 18 மணி 25 நிமிடம், வர 18 மணி 45 நிமிடம் என்று இருந்தது. வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தெடுப்பதால் வித்தியாசம் இருபது நிமிடத்தில் அடங்கியது. படகுக் கணக்குப்படி ஒரே வழி என்றால் மணிக்கணக்கில் இருந்திருக்கும்.

21 ஏப்ரல் 2024

முதல் நாள் உங்கள் எண்ணத்தை ஒரே வரியில் மறுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்ததில் அது முழு நியாயமாகாது என்று தோன்றுகிறது.

பயணச்சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் அன்று. விமானம் ஒரு கேட்டை விட்டு நகர்வது முதல் மற்றொரு கேட்டில் வந்து நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு மறுபடியும் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். நியூயார்க் வட்டாரத்தில் இது கொஞ்ச நேரமில்லை. இதற்கு மேல், காற்று நாளுக்கு நாள் மாறுவதால், மோசமான நாளையும் ஓரளவு தாங்கும்படி ஒரு இடைவெளி வைக்கத்தான் செய்கிறார்கள். முதல் விமானம் 2018 அக்டோபர் 11 இரவு கிளம்பி, அட்டவணை நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. நான் போனபோது பறந்த நேரம் 17 மணி 20 நிமிடம்.

ஆகவே அட்டவணையில் கூடுதல் நேரம் இருக்கிறது என்பதில் நீங்கள் சொன்னது உண்மை. அதை ஏமாற்று என்று நினைத்ததில் மட்டும் நான் உடன்படவில்லை. ஆண்டு முழுவதும் பொருந்தும் ஓர் எண்ணை முன்கூட்டியே அச்சிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது.

27 ஏப்ரல் 2024

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், ஆகையால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

2015 ஜூனில் மகளுக்குப் பிரசவம். அப்போது சிங்கப்பூரிலிருந்து நேர் விமானம் இல்லை. பழைய ஏ340-500 சேவை 2013 நவம்பரில் நின்றுவிட்டது, புதியது 2018-இல்தான் வந்தது. ஆகவே ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானத்தில் போனேன். சாங்கியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் 10,280 கி.மீ., அங்கிருந்து ஜான் எஃப் கென்னடி 6,190 கி.மீ., மொத்தம் 16,470. இப்போது நேராகப் பறக்கும் விமானம் பசிபிக்கைச் சுற்றிப் போவது 16,500. இரண்டும் ஒன்றுதான்! "நேர்" விமானம் ஐரோப்பாவில் நிற்கும் விமானத்தை விடக் குறைந்த தூரம் பறக்கவில்லை. இதை நான் கணக்கிட்டுப் பார்த்த அன்று வெகு நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நேரம்? உட்லண்ட்ஸில் என் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து எடிசனில் மகள் கதவைத் திறந்தது வரை, 2015-இல் 30 மணி 15 நிமிடம். 2019-இல் 23 மணி 15 நிமிடம். ஏழு மணி நேர வித்தியாசம், அதே கிலோமீட்டர்களுக்கு. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, நின்று, ஏறியது ஒரு பங்கு. ஐரோப்பா நோக்கி எதிர்க்காற்றிலும் அட்லாண்டிக்கில் மறுபடியும் எதிர்க்காற்றிலும் பறந்தது ஒரு பங்கு. பிற்பகலில் கென்னடி விமான நிலையத்திலிருந்து நியூ ஜெர்சிக்குச் சாலையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தது இன்னொரு பங்கு. நியூவர்க்கிலிருந்து எடிசனுக்கு அதிகாலையில் அரை மணி நேரம்தான்.

உங்கள் தாயாருக்காக வழி தேடுகிறீர்கள் என்றால், கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வீட்டிலிருந்து வீடு வரை மணியைக் கூட்டிப் பாருங்கள்.

28 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "2015-இல் வந்தபோது நீங்கள் மாலையே சமையல் செய்தீர்கள். 2019-இல் இரண்டு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதை ஏன் எழுதவில்லை?"

அவள் சொன்னது உண்மை. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடந்தது உடம்புக்கு நல்லது செய்தது. நேர் விமானத்தில் 17 மணி நேரம், மூன்று முறைதான் எழுந்தேன், பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்ததால் எழுப்பக் கூசினேன். அது தவறு. வயதானவர்கள் நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டும் அபாயம் உண்டு. உங்கள் தாயாருக்கு நடைவழி ஓரத்து இருக்கையை வாங்குங்கள், மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மணிக்கு ஒருமுறையாவது கணுக்காலை அசைக்கச் சொல்லுங்கள். ஏழு மணி நேரம் மிச்சமாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி லாபம் என்று நேற்று நான் எழுதியது போல ஆகிவிட்டது, அப்படி இல்லை.

செலவையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் செல்லும் நெடுந்தூர ஏ350-இல் எகானமி வகுப்பே கிடையாது. 67 பிசினஸ் இருக்கைகளும் 94 பிரீமியம் எகானமி இருக்கைகளும், மொத்தம் 161.

5 மே 2024

ஏன் வெறும் 161 இருக்கை என்று கேட்டவருக்கு: எடை. இந்த விமானத்தின் தொட்டியில் 165,000 லிட்டர் பிடிக்கும். முழுவதும் நிரப்பினால் சுமார் 132 டன். விமானம் கிளம்பும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். ஆக, கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருள். கடைசி மணி நேரத்தில் எரிய வேண்டிய எரிபொருளை அதற்கு முந்தைய பதினேழு மணி நேரமும் தூக்கிச் சுமக்க வேண்டும், அப்படிச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. நடுவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போகும் விமானத்துக்கு இந்தச் சுமை இல்லை.

2004 ஜூனில் இதே பாதையில் தொடங்கிய ஏ340-500 விமானத்துக்கு நான்கு என்ஜின்கள். முதலில் 181 இருக்கைகளோடு பறந்தது, 2008-இல் நூறு பிசினஸ் இருக்கைகளாகக் குறைத்தார்கள், 2013-இல் எரிபொருள் செலவு தாங்காமல் நிறுத்தினார்கள். இப்போதுள்ளது இரண்டு என்ஜின் விமானம். ஒரு என்ஜின் நின்றால் மற்றொன்றை வைத்து அருகிலுள்ள விமான நிலையத்தை எத்தனை நிமிடத்தில் அடைய முடியும் என்ற விதி இரட்டை என்ஜின் விமானங்களின் வழியை முடிவு செய்யும். ஏ350-900 இரகத்துக்கு ஐரோப்பிய அதிகாரிகள் 2014-இல் 370 நிமிடம் வரை அனுமதி தந்தார்கள். பசிபிக்கின் நடுவே தைரியமாக வழி வகுக்க முடிவது அதனால்தான்.

11 மே 2024

சென்னையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பயண முகவர் அவரிடம், "சிங்கப்பூர் வந்து நேர் விமானத்தைப் பிடித்தால் சீக்கிரம் போகலாம்" என்று சொன்னாராம். ஐயா, தயவுசெய்து வேண்டாம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, சுமார் 13,480 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 2,930-உம் 11,020-உம் சேர்ந்து 13,950. மூன்றரை விழுக்காடு மட்டுமே கூடுதல். துபாய் கிட்டத்தட்ட உங்கள் வழியிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் வழியாக என்றால் முதலில் 2,925 கி.மீ. எதிர்த்திசையில் வந்து, பிறகு பட்டியலின்படியே 15,344, ஆக 18,270. நாலாயிரத்துக்கு மேல் கூடுதல், பசிபிக் சுற்றையும் சேர்த்தால் இன்னும் ஆயிரம். "நேர் விமானம்" என்ற சொல், யாருக்கு எங்கிருந்து நேர் என்பதை மறைத்துவிடுகிறது.

19 ஜூன் 2024

கேள்வி கேட்ட சிராங்கூன் தம்பி நேற்று எழுதியிருந்தார். தாயார் நலமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நேர் விமானம், ஓரத்து இருக்கை. காற்றில் இருந்த நேரம் 17 மணி 48 நிமிடம். என் ஜனவரிப் பயணத்தை விட 28 நிமிடம் கூடுதல். கோடையில் ஜெட் காற்றோட்டம் வலுக்குறைந்து வடக்கே ஒதுங்கிவிடுவதால் இது எதிர்பார்க்கக் கூடியதே.

இரண்டு செய்திகள் சேர்த்து அனுப்பியிருந்தார். ஜூனில் சிங்கப்பூருக்கும் நியூ ஜெர்சிக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால், தாயார் தம் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லையாம், இரத்த அழுத்த மாத்திரையைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றிக்கொண்டதோடு சரி, அதுவும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. நவம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை, பதின்மூன்று மணி நேரம் ஆகிவிடும். மற்றொன்று, திரையில் விமானம் ஜப்பான் பக்கம் போவதைப் பார்த்த தாயார், பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "நான் அமெரிக்காவுக்குத்தான் சீட்டு எடுத்தேன், அம்மா" என்று சொன்னார்களாம். அந்தப் பெண் ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து, அதன் மேலே விரலால் வழி வரைந்து காட்டியிருக்கிறாள்.

17:48 என்று என் நாட்குறிப்பில் 17:20-க்குக் கீழே எழுதிக்கொண்டேன். தாயார் ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறார்கள். எந்த வழியாக வந்தது, எத்தனை மணி நேரம் என்று திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.